ஒரு வருஷம் இருப்பதாகப் போட்ட கையெழுத்து

அமெரிக்காவின் டொலிடோ நகர நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கும் எழுத்தராகப் பத்தொன்பது வருடம் இருந்தவள் டோரீன்.

அந்த மார்ச்சில் அவள் கணவன் வெர்னன் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். டுலூத் நகரில் வேறு வேலை கிடைத்தது. காரில் பன்னிரண்டு மணி நேரத் தூரம். வீட்டை விற்க மனமில்லை. வாடகைக்கு விடலாமென்றால், வருகிற வாடகை வீட்டுக் கடன் தவணைக்குப் போதாது. பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் புதுக் கடன் வாங்குவது ஒன்றுதான் வழி.

கடன் முகவர் கீகன் காகிதங்களை நீட்டினாள். "சொந்தக் குடியிருப்புன்னாத்தான் இந்த வட்டி. வாடகை வீடுன்னா ஏறிடும். உங்கள்ல ஒருத்தராவது ஒரு வருஷம் இங்க குடியிருப்பீங்கன்னு கையெழுத்துப் போடுங்க."

"நாங்க மே மாசமே கிளம்புறோமே?" என்றாள் டோரீன்.

"யாருங்க கதவத் தட்டிப் பாக்கப் போறா? எல்லாரும் போடுறதுதான்."

வெர்னன் போட்டுவிட்டான். டோரீன் பேனாவைத் தொடவில்லை.

"அப்ப நான் இங்க இருக்கேன். நீ போ," என்றாள் அவனிடம்.

"பைத்தியமா உனக்கு? ஒரு காகிதத்துக்காகவா?"

"பொய்ச் சத்தியம் பண்ணினவங்க எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போனத பாத்திருக்கேன். என்னால ஆகாது, வெர்னன்."

அதன் பிறகுதான் கையெழுத்திட்டாள்.

மே மாதம் வெர்னன் மட்டும் டுலூத் போனான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிறுதோறும். ஜனவரியில் வெர்னன் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட செய்தி நான்கு நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா? நீதான் வீட்டுக்குக் காவல் இருக்கியே!"

அன்றே விடுப்பு எடுத்துப் போனாள். பத்து நாள் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

வருடம் முடிந்ததும் ஓர் ஆசிரியத் தம்பதி குடிவந்தார்கள். வாடகை தவணைக்குச் சரியாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு, காரில் சாமான்களை அடைத்துக்கொண்டு டுலூத் போய்ச் சேர்ந்தாள் டோரீன். அலமாரி முழுக்க அவனுடைய துணி பரவியிருந்தது. வெர்னன் அவசர அவசரமாக ஒரு பக்கம் ஒதுக்கினான்.

"இருக்கட்டும், நானே பண்ணிக்கிறேன்," என்றாள், விருந்தாளியைப் போல.

அவன் கை நின்றது. "இல்ல டோரீன். சேந்தே பண்ணலாம்."