மலிவுத் தோட்டா இனி வராதாம்

இன்று டாலஸ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் "ஸ்டாக் இல்லை" என்று கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

என் கணவர் போன வருடம் ஒரு பழைய ராணுவ ரைஃபிள் வாங்கினார். அதற்கு வெளிநாட்டு ராணுவங்கள் வேண்டாமென்று கழித்த தோட்டா டப்பா டப்பாவாக மலிவாகக் கிடைக்கும் என்று ஆபீஸ் நண்பர் சொன்னாராம். வீட்டில் ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். ரைஃபிள் வைத்த அலமாரி பூட்டியிருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்ப்பது என் வேலையானது.

இன்று கடைக்காரர் கையை விரித்தார். விற்ற நாடுகளே சண்டைக்கு வேண்டுமென்று வைத்துக்கொள்கின்றனவாம். இறக்குமதிக்கும் தடையாம். இருந்த மிச்சத்தை மற்றவர்கள் மொத்தமாக வாங்கிப் பதுக்கிவிட்டார்களாம். புதிதாகச் செய்தது இருக்கிறது, விலை மூன்று மடங்கு.

என் கணவரோ பாஸ்மதி மூட்டையைக்கூட சேலில்தான் வாங்குவார்.

"சேல் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

"இனிமே வராதாம்ங்க" என்றேன், முகத்தை முடிந்தவரை வாட்டமாக வைத்துக்கொண்டு.

காரில் அவரே கேட்டார்: "ரைஃபிளை வித்துடலாமா?"

"உங்க இஷ்டம். அலமாரி மட்டும் இருக்கட்டும், என் நகைய வச்சுக்கறேன்."

நண்பர்களே, பழைய ராணுவ பாராசூட் மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.