இரண்டு வெட்டுப் போட்ட டோக்கன்

என் வீட்டுக்காரர் கொல்லையில் கஞ்சா வளர்த்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. விற்பதற்காக வளர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பீடியில் கொஞ்சம் அடைத்து இழுப்பார், அதோடு சரி. இழுப்பதைவிட வளர்த்துப் பார்ப்பதில்தான் அந்த மனிதனுக்குப் பைத்தியம்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் நாங்கள் மண்ணூரில் கடைசித் தெருவின் கடைசி வீட்டில் இருந்தோம். அவர் ரோட்டோரம் இருந்த ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அங்கே டீ குடிக்கும் நேரத்தில் ஆரம்பித்த சண்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம். கம்பத்து மலைச் சரக்குதான் உசத்தி என்று ஒருவன், ஆந்திராக் காட்டுச் சரக்கு என்று இன்னொருவன், திருவண்ணாமலைச் சாமியார்கள் வைத்திருப்பதற்கு எதுவும் ஈடில்லை என்று மூன்றாமவன். இவர் மட்டும், "வித்தியாசம் வெதையிலயா, மண்ணுலயா?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதமே லாரிக்காரர்களைப் பிடித்து மூன்று ஊர் விதைகளை மூன்று தீப்பெட்டிகளில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

குளிக்கிற தட்டிக்குப் பின்னால் மூன்று ஆயில் டின்கள். மூன்றிலும் ஒரே ஏரி வண்டல், ஒரே அளவு தண்ணீர். மண் ஒன்றாக இருந்தும் செடி வேறு வேறாக வந்தால் வித்தியாசம் விதையில்தான் என்பது அவர் கணக்கு. மறைப்புக்குச் சுற்றிலும் புளிச்சக்கீரை விதைத்தார். புளிச்சக்கீரை இலையும் அந்த இலையும் தூரத்திலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் புளிச்சக்கீரையைக் கண்டால் எந்தப் பெண்பிள்ளையும் சும்மா போகமாட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வாரம் ஒரு தரம் முறத்தோடு வந்து நிற்பார்.

"நானே கிள்ளிக்கிறேன், நீ வேலையப் பாரு" என்பார்.

"அய்யோ, அங்க பாம்பு கீதுக்கா. நீ குந்து, நான் கொண்டாறேன்" என்று நான் ஓடுவேன்.

ஐந்து மாதம் இல்லாத பாம்பைச் சொல்லியே ஓட்டினேன். என் வீட்டுக்காரருக்கென்ன, மூன்று ஷிப்டில் ஒரு ஷிப்டு போய்விடுவார். தண்ணீர் ஊற்றியதும் பயந்ததும் நான்தான். மாட்டினால் ஐந்து வருடம் உள்ளே என்று அவரே சொல்லியிருந்தார், ஏதோ சம்பள உயர்வைச் சொல்வதுபோல. வேலையும் போகும், மானமும் போகும். தினமும் திட்டினேன். திட்டிக்கொண்டே ஊற்றினேன்.

ஊற்றிய கைக்குப் பழக்கம் வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இலையைக் கசக்கி முகர்ந்தால் முதல் டின்னில் மாங்காய்த் தோல் வாசனை. இரண்டாவதில் நாரத்தை இலை. மூன்றாவதில் மண்ணெண்ணெய். அவருக்கு முன்னால் நான்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் என் கண்ணைக் கட்டிவிட்டு மூன்று இலைகளையும் மாற்றி மாற்றி மூக்கில் வைத்தார். மூன்றையும் சரியாகச் சொன்னேன். "அப்போ வெதைதான்மே" என்று அவர் கொல்லையிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பூ விட்டபிறகு பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். அப்போதுதான் அந்த மே மாதம் வந்தது. இருபத்தொன்றாம் தேதி ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. வெடிச் சத்தத்தை இடி என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன். விடிந்தபோது ரோட்டில் பஸ் இல்லை, கடை இல்லை. இரண்டாம் ஷிப்டுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கம்பெனிக்குள் இருப்பவர்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மேலத் தெருவுல போலீசு வூடு வூடா பூந்து பாக்குறாங்கடி. வெளியூர் ஆளு யாருனா தங்கினாங்களான்னு கேக்கறாங்க. வெக்கப்போர்ல குத்திப் பாக்கறாங்க, கொல்லையில தோண்டிப் பாக்கறாங்க. உங்க வூட்டுக்காரரு இன்னும் வர்லியா?"

அக்கா போனதும் கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன். எரித்தால் வாசனை தெரு முழுக்கப் போகும். புதைக்கலாம் என்றால், புதிதாகத் தோண்டிய மண்ணைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். கிணறோ ஊர்ப் பொதுக் கிணறு. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் எதிரில் வந்திருந்தால் அரிவாள்மணையை எடுத்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம்.

மூன்று செடியையும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, துண்டு துண்டாக ஒடித்தேன். புளிச்சக்கீரையையும் ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினேன். ஒடித்த துண்டுகளை நடுவில் வைத்துக் கீரையைச் சுற்றிலும் வைத்துக் கட்டுகளாகக் கட்டினேன். மேலே மட்டும் நான்கு கட்டு சுத்தமான கீரை. எங்கள் ஊரில் கீரை விற்கிறவர்கள் ஏரியில் அலசித்தான் கொண்டுபோவார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

தெரு முனையிலேயே ஒரு கான்ஸ்டபிள் கேட்டார். நாற்பது வயதிருக்கும். கண் இரண்டும் சிவந்து, சட்டை கசங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார்.

"இன்னாமா அது?"

"புளிச்சக்கீர சார். ஏரில அலசி எத்துகினு போவணும்."

"எறக்கு."

இறக்கினேன். லத்தியால் மேல் கட்டைத் தள்ளிப் பார்த்தார். அவர் குனிந்து ஒரு கட்டைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு நாளா பொட்டலச் சோத்த தின்னு நாக்கு செத்துப்போச்சி. இத நான் எத்துக்கட்டுமா? வூட்டுக்குக் குடுத்தனுப்பறேன்."

"எத்துக்குங்க சார்" என்றேன். மேல் கட்டுதான், சுத்தமான கீரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடையைத் தூக்கிவிட அவரே ஒரு கை கொடுத்தார்.

ஏரி பாதி வற்றியிருந்தது. ஆகாயத்தாமரை மண்டிய ஒரு பள்ளத்தில் இறங்கி எல்லாவற்றையும் சேற்றில் போட்டு முழங்கால்வரை மிதித்தேன். கீரையும் போச்சு, அதுவும் போச்சு. வீட்டுக்கு வந்து மூன்று டின்னிலும் வெந்தய விதையைத் தூவித் தண்ணீர் தெளித்தேன். சாயங்காலம் போலீஸ் வந்தார்கள். ரேஷன் கார்டைப் பார்த்தார்கள், பரணில் ஏறினார்கள், கொல்லையைச் சுற்றினார்கள். ஒருவர் டின்னைக் காலால் தட்டி, "இன்னா இது?" என்றார். "வெந்தயக்கீர சார்" என்றேன். போய்விட்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார், நடந்தே. தாடியும் கிரீஸ் கறையுமாக இருந்தார். கொல்லைக்குப் போய் டின்களைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. நல்ல காரியம் பண்ணினாய் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"டோக்கன் எங்க?" என்றார்.

"இன்னா டோக்கனு?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனி டூல் ரூமில் ஒரு கருவி வாங்கினால், அதற்குப் பதில் பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்க வேண்டும். ஆளுக்குப் பத்து டோக்கன். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பேரும் அந்த ஆளின் நம்பரும் பஞ்ச் பண்ணியிருக்கும். மழையிலும் வெயிலிலும் அழியாத அடையாளம் வேண்டும் என்று இவர் மூன்று டோக்கன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு போட்டு, செம்புக் கம்பியால் செடிகளின் அடித்தண்டில் கட்டியிருக்கிறார். தண்ணீர் ஊற்றும்போது வண்டல் மூடியிருந்தது, பிடுங்கிய அவசரத்தில் வேர் மண்ணோடு இருந்ததை நான் பார்க்கவே இல்லை. பேப்பரில் எழுதி ஒட்டினால் ஆகாதா? ஃபிட்டருக்குப் புத்தி பித்தளையில்தான் போகும். தன் நம்பர் போட்ட டோக்கனையே கஞ்சாச் செடிக்குத் தாலியாகக் கட்டி வைத்திருக்கிறார்.

"யோவ், உனக்கு மூளை கீதா?" என்று கேட்டேன். முதல் முறையாக அவரை யோவ் என்றேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "ஏரி வத்திகினே வருதே" என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் இரண்டு பேரும் தூண்டில் கழியோடு போனோம், மீன் பிடிப்பதாகப் பேர். அந்தப் பள்ளத்தில் இறங்கிச் சேற்றைக் கையால் அலசினோம். ஒரு வெட்டு கிடைத்தது. ஒரு மணி நேரம் கழித்து மூன்று வெட்டு கிடைத்தது. இரண்டு வெட்டு கிடைக்கவில்லை. கரைமேல் போலீஸ் ஜீப் போனது, வந்தது. ஏரியிலும் இறங்கித் தேடப்போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. அவருக்கு விரல் நுனியெல்லாம் கிழிந்துவிட்டது. டோக்கன் தொலைந்தது என்று ஃபோர்மேனிடம் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தபிறகு அது சேற்றிலிருந்து வெளியே வந்தால்? எழுதிக் கொடுக்காமல் இருந்து வெளியே வந்தால்? இரண்டு பக்கமும் இடி. இப்படியே நான்கு நாள் போனது, நான் சமைத்ததை நாங்கள் சாப்பிடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் காலை. அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். வாசலில் சைக்கிள் நின்றது. அதே கான்ஸ்டபிள். தனியாக வந்திருந்தார். உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வாசல்படியில் வைத்தார். செம்புக் கம்பியோடு பித்தளை டோக்கன்.

"நீ குடுத்த கீரைல வேர்ல மாட்டிகினு இருந்துச்சி. கூடவே ஒரு கிளை. என் சம்சாரம் ஆயும்போது, இது இன்னா புதுசா கீதேன்னு எடுத்துக் காமிச்சா" என்றார். "இந்த எலையப் புடிச்சிக் கோர்ட்டுல ஒப்படைக்கிறதுதான்மா பத்து வருசமா என் பொழப்பு."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பெனி கேட்டுல கேட்டேன். எந்த டிபார்ட்மெண்டு, எந்த வூடுன்னு சொல்லிட்டாங்க. ஏன் கேக்கறன்னு நான் சொல்லல. கொஞ்சம் தண்ணி குடு."

கொடுத்தேன். சொம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது.

"அன்னிக்கி அங்கதான் டூட்டி எனக்கு. பக்கத்துல நின்னு பேசிகினு இருந்தவங்களத் துணியில பொறுக்கிப் போட்டேன்மா. என்னோட ஒண்ணா ட்ரெயினிங் வந்தவன் அதுல ஒருத்தன்." சொம்பைக் கீழே வைத்தார். "இதுக்கு ஒரு கேசு எழுத எனக்குத் தெம்பு இல்ல. இன்னொரு வூட்ட ஒடைக்க முடியாது. இனிமே கீரைய மட்டும் போடு."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் டோக்கனை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"ரெண்டு வெட்டு. அதுதாம்மே நல்லா வந்துகினு இருந்துச்சி" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை நான் அடித்தது அன்று ஒரு முறைதான். கன்னத்தில் அறைந்தேன். அதன்பிறகு அழுதுகொண்டே கான்ஸ்டபிள் சொன்னதையெல்லாம் சொன்னேன். துணியில் பொறுக்கிப் போட்டதைச் சொன்னபோது அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மீதி விதையிருந்த மூன்று தீப்பெட்டிகளையும் எடுத்துவந்து அடுப்பில் போட்டார். கடுகு மாதிரி பொரிந்தது.

அதற்குப் பிறகு அவர் எதையும் விதைக்கவில்லை. மூன்று டோக்கன்களும் டூல் ரூமுக்கே போய்ச் சேர்ந்தன. வெட்டு எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அறைந்ததைப் பற்றி நாங்கள் இப்போது சிரித்துக்கூடப் பேசிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அந்தக் கான்ஸ்டபிளின் சைக்கிள் தெரு முனை திரும்பியதும், வாசல்படியிலிருந்து டோக்கனை எடுத்து, நானும் முதலில் எத்தனை வெட்டு என்றுதான் பார்த்தேன்.