சின்னத்துரை லயத்துக்குக் குடிபோன கதை

விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் நாய் வரும். பத்தடி தள்ளித் துரை வருவார். அவருக்குப் பின்னால் செக்ரோல் என்கிற பேர்ப்பதிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கணக்கெழுதும் கிராணியாகிய நான். எனக்குப் பின்னால் கங்காணி. பால் மரம் சீவப் போகிறவர்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நிற்பார்கள். நான் பெயர் கூப்பிடுவேன். நாய் ஒவ்வொருவர் காலையும் முகர்ந்து பார்க்கும். இந்த இரண்டில் எது முக்கியமான வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அது வேட்டை நாய்க் கலப்பு. தாய் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. தகப்பன் யார் என்பதில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மூன்று கட்சிகள் இருந்தன. தொங்கும் காதும் நீண்ட காலும் சீமைச் சரக்கு. சுருண்ட வால் மட்டும் அசல் லயத்துச் சரக்கு. எங்களுடையது சின்னத் தோட்டம். பெரிய தோட்டங்களில் இருப்பதுபோல் துரைக்கு உதவியாகச் சின்னத்துரை என்று ஒருவர் கிடையாது. அந்தப் பட்டத்தை ஜனங்கள் நாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். நாய் தெரிந்தால் பத்தடியில் துரை வருகிறார் என்று பொருள். ஆகவே நாயின் மூக்கு தெரிந்ததுமே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை காரில் ஏறித் தெற்கே போனார். நாயை ஏற்றிக்கொள்ளவில்லை. என்னையும் ஏற்றிக்கொள்ளவில்லை. பங்களாவுக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்து சேர்ந்தார். கட்டில், நாற்காலி, கடிகாரத்தோடு நாயும் நானும் அவர் வசம் போனோம். பெரட்டு தொடர்ந்தது. முன்பு துரைக்கு முன் விறைப்பாக நிமிர்ந்து நின்றோம். இப்போது இடுப்பை மடித்துக் குனிந்தோம். முதுகெலும்புக்கு அவ்வளவு நல்ல பயிற்சி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, அவரும் ஒருநாள் லாரியில் ஏறி வேறெங்கோ போனார். அன்று மத்தியானமே ஜனங்கள் பங்களாவுக்குள் புகுந்தார்கள். திரைச்சீலை போயிற்று, கட்டில் போயிற்று, கதவின் கைப்பிடிகூடப் போயிற்று. நான் பயந்த சுபாவம். எல்லோரும் போய்வந்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மூன்றாம் நாள் போனேன். தாமதமாகப் போனவனுக்கு மிஞ்சியது, பின்கட்டுக் குளியலறைத் தூணில் கட்டிப்போட்டிருந்த நாய்தான். விலா எலும்புகளை எண்ணலாம். கழுத்தில் கயிறு அறுத்த புண். என்னைப் பார்த்து உறுமியது. கயிற்றை அவிழ்த்ததும் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, பங்களாக் குன்றிலிருந்து இறங்க ஆரம்பித்தது. அது முன்னால். பத்தடி தள்ளி நான். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் யோசித்தேன், துரையின் இடத்துக்கு நான் எப்போது வந்தேன் என்று. என் உத்தியோக வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

நான் படித்த புத்தகங்களில் எல்லாம் நாய்கள் எஜமானின் கல்லறைமேல் படுத்து உயிரை விடும். இது என்னுடைய ஒரே பிரம்பு நாற்காலியில் படுத்துக் குறட்டை விட்டது. அவித்த மரவள்ளிக் கிழங்கை முன்னால் வைத்தால் மரியாதையாக ஒருமுறை முகர்ந்துவிட்டு, சமையல்காரன் அடுத்த தட்டைக் கொண்டுவருவான் என்பதுபோல் கதவைப் பார்க்கும். நானும் பழக்கதோஷத்தில் கதவைப் பார்ப்பேன். நாலாம் நாள் கருவாட்டுத் தலையைப் பொடித்துக் கிழங்கில் பிசைந்து வைத்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே தின்றது.

அதற்கு ஒரே பயம், தகரக் கூரை. பங்களாவுக்கு ஓட்டுக் கூரை. என் வீட்டுத் தகரத்தின்மேல் வெயில் நேரத்தில் ரப்பர் காய் வெடித்து விழும்; துப்பாக்கிச் சத்தம்போல் இருக்கும். உடனே சின்னத்துரை கட்டிலுக்கு அடியில் பாய்வார். அந்தக் காலத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் நானும் அங்கேதான் போவது வழக்கம். ஆகவே இட நெருக்கடி.

இப்படி நாங்கள் ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரனிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது. மாசக் கடைசிக்குள் பீடோங் டவுனுக்குப் போக வேண்டும். அங்கே அரிசிச் சீட்டு எழுதும் ஆபீசில் வேலை. தங்குவதற்கு ஒரு மளிகைக் கடையின் மாடி. கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன்.

"கிராணி, நீங்க வாங்க, தாராளமா வாங்க. நாய் மட்டும் வேணாம் லா. மனுசனுக்கே சோறு இல்ல. அதுவும் டவுன்ல நாய் தெருவுல சுத்தினா சுட்டுப்புடுறானுங்க."

தோட்டத்திலும் அதே கதைதான். அந்த மாதம் மட்டும் ஆளில்லாத நாய்கள் இரண்டைச் சிப்பாய்கள் சுட்டுவிட்டார்கள். பங்களா நாய் வாசலில் அமைதியாகக் கிடக்கிற ரகமும் இல்லை. விடிந்தால் பெரட்டுக் களத்துக்கு நடந்து போய் யார் காலையாவது முகர்ந்தாக வேண்டும் அதற்கு. மாசக் கடைசிக்குள் ஒரு வீடு கிடைக்காவிட்டால் அதன் கதி தெரிந்ததுதான்.

கடைசி லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அதுவரை அவரை நான் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டிருந்தேன். காரியம் ஆகவேண்டியிருந்ததால் அன்று அக்கா ஆனார். அவருடைய மரவள்ளிக் கொல்லை காட்டை ஒட்டி இருந்தது. வாரம் தவறாமல் காட்டுப் பன்றி வந்து கிழங்கைக் கிளறிவிட்டுப் போகும். விரட்ட ஆள் இல்லை. புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று மாதம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அப்போது எட்டாவது மாதம். ஆள் பட்டியலை எழுதியது யார் என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் அழகான கையெழுத்து ஒருவனுக்குத்தான் இருந்தது.

"அக்கா, ஒரு நாய் இருக்கு. கொல்லைக்குக் காவலா வச்சுக்கிட்டா பன்னி கிட்ட வராது."

"சின்னத்துரைதானே? வேணாம் ஐயா. அதக் கண்டா பன்னி ஓடுதோ இல்லியோ, நான் எந்திரிச்சு நின்னுருவேன். பத்து வருசமாப் பழகுன காலு, நான் சொன்னாக் கேக்காது. அடுப்புல கெழங்கு வேவுது, இது உள்ள வருதுன்னு வைங்க. நான் கெழங்கப் பாக்குறதா, நிக்கிறதா?"

"அது இப்ப வெறும் நாய்தான், அக்கா."

"அப்பறம் ஏன் நீங்க அதுக்குப் பின்னாலயே நடந்து வரீங்க?"

 அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"மாசக் கடைசிக்குள்ள அது நாய்தான்னு எனக்குத் தோணணும். தோணிச்சுன்னா வச்சுக்கிறேன். தோணலன்னா சூசா லா, கஷ்டந்தான் ஐயா. என் வீட்டுல நான் ஒக்காரணும்."

மறுநாள் முதல் பாடம் ஆரம்பித்தது. முதல் பாடம், நான் முன்னால் நடப்பது. கயிற்றைக் குறுக்கிப் பிடித்தேன். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அது இரண்டடி முன்னால் வைத்தது. நான் நின்றேன், அதுவும் நின்று, "என்ன தாமதம்?" என்பதுபோல் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை அச்சு அசல் பழைய துரையுடையது. நான் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான்.

ஒருநாள் பீடோங் சாலை வரை போய்விட்டோம். முனையில் காவல் நின்ற சிப்பாய்க்கு முன் நான் குனிந்தேன். வெகுதூரம் நடந்த அலுப்பில் நாய் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, சோம்பல் முறித்தது. சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, நாயைச் சுட்டிக்காட்டி, அதுபோல் இன்னொரு தரம் குனியச் சொல்லி எனக்குச் சைகை செய்தான். குனிந்தேன். அவனுக்குத் திருப்தி இல்லை. மூன்றாம் தரம்தான் போகவிட்டான். திரும்பி வரும்போது நாய் பத்தடி முன்னால் நடந்தது. நான் ஆட்சேபிக்கவில்லை.

நாயைத் திருத்துவதைவிட லயத்தைத் திருத்துவது கடினம் என்று இரண்டாம் வாரத்தில் புரிந்தது. சாயங்காலம் ஜனங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பேசும் நேரத்தில் அதைக் கூட்டிக்கொண்டு போவேன். நாய் ஒரு வாசல் விடாமல் முகர்ந்துகொண்டு போகும். வாசல் வாசலாக ஆட்கள் எழுவார்கள். கடல் அலை மாதிரி இருக்கும். ஒரு மரம் சீவும் அண்ணன், பற்றவைத்த பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட்டார்.

"சீ! நாயிக்குப் போயி பீடிய மறைக்கிறேன் பாரு! இந்தப் பொழப்ப எங்க போயிச் சொல்றது!"

அடுத்த வாசலிலிருந்து அவர் கொழுந்தியாள் விட்டுவைக்கவில்லை. "மாமா, சட்டப் பொத்தானப் போடுங்க, இல்லன்னா சின்னத்துரை அரை நாள் கூலிய வெட்டிருவாரு! கிராணி ஐயா, இன்னிக்கு எத்தன பேருக்கு அரை நாளு?"

சிரிப்பு கடைசி லயம் வரை போயிற்று. ஆனால் அங்கே அக்கா நின்றுகொண்டுதான் இருந்தார். "பாத்தீங்களா ஐயா," என்று தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இதுக்கு வெக்கமே இல்ல."

தினமும் போனேன். அவர் கிழங்குக்குத் தோல் உரிப்பார். நான் எதிரே பலகையில் உட்கார்ந்து நாயைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அவரு பேர நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா அக்கா."

"தப்பில்லாம எழுதுனீங்களா? அங்க ஆயிரம் பேரு. பேரு சரியா இருந்தாத்தான தேடிக் குடுப்பாங்க."

"தப்பில்லாமத்தான் எழுதினேன்."

"அது போதும்," என்று அடுத்த கிழங்கை எடுத்தார். எனக்குப் போதவில்லை. நாயின் காதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

மாசம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று நல்ல வெயில். நான் கயிற்றை விட்டுவிட்டேன்; சின்னத்துரை வழக்கமான பார்வையிடலில் வாசல் வாசலாக வந்துகொண்டிருந்தார். அடுப்பருகே இருந்த அக்காவின் கால்கள் வழக்கம்போல் பாதி எழுந்துவிட்டன. சரியாக அந்த நேரம் பார்த்து மேலே ஒரு ரப்பர் காய் வெடித்துத் தகரத்தில் விழுந்தது. 'டமார்!'

சின்னத்துரை வாலைக் கவட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். விறகுக்கும் அக்காவின் காலுக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டார். உடம்பு முழுக்க நடுக்கம். பின்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. அதில் துரைத்தனம் எதுவும் இல்லை.

பாதி எழுந்திருந்த அக்கா கீழே பார்த்தார். நின்றால் மிதித்துவிடுவோம் என்று மெல்ல உட்கார்ந்தார்.

"அட! காய் விழுந்ததுக்கா இந்தப் பயம்? இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டா எங்க காலெல்லாம் மோந்துக்கிட்டுத் திரிஞ்ச?" என்று கேட்டார். பிறகு, அந்தத் தோட்டத்தில் யாரும் அதுவரை செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். அதன் முதுகில் ஓர் அறை வைத்தார். "டேய், தள்ளிப் படுடா. அடுப்பு சுடும்."

தள்ளிப் படுத்தது.

அடுத்த மூன்று நாளும் அது அங்கேயே தங்கியது. கிழங்கைக் கதவைப் பார்க்காமல் தின்றது. இரண்டாம் நாள் அந்தி நேரத்தில் கொல்லைக்குப் பன்றி வந்தபோது, அதன் தாயின் ரத்தம் விழித்துக்கொண்டு தொண்டை கிழியக் குரல் கொடுத்ததாம். பன்றி ஓடிற்று என்று அக்கா சொன்னார். பின்னாலேயே நாயும், நாயின் பின்னாலேயே தானும் ஓடியதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கச் சிரிப்பு.

கடைசி நாள் விடைபெறப் போனேன். அக்கா கொல்லையில் இருந்தார். நாய் அடுப்பருகே கிடந்தது. என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. எதிரே பலகையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு கூடைக் கிழங்கோடு வாசலில் நுழைந்தார். நாய் உடனே எழுந்து நின்றது.

"பாருங்க ஐயா, இந்தக் கூத்த! எனக்கு எந்திரிச்சு நிக்குது!"

அவர் பார்வை நாயை விட்டு என்மேல் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நானும் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒக்காருடா," என்றார் நாயிடம். அது உட்கார்ந்தது. எனக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.