முகமில்லாத படத்துக்கு மூன்று மதிப்பெண்

குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்று கல்லூரியில் பாடம் நடத்திப் பிழைப்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: பிள்ளை பெற்ற எல்லோருக்கும் நம் பாடம் நம்மைவிட நன்றாகத் தெரியும். என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்களே, கேளுங்கள்.

நாற்காலியின் ஆயுள்

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்து அறிக்கை எழுதித் தேர்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். குழுவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். முதல்வர் அம்மாளிடம் ஒளிவு மறைவு கிடையாது. "புடிக்கலேன்னா உங்க நாற்காலியத் தாவரவியலுக்குக் குடுத்துடுவேம்மா, அவங்க ரொம்ப நாளா கேக்குறாங்க" என்றார்.

யார் பக்கம்?

கழக ஆட்சி வந்த புதிது. கீழத்தஞ்சையில் கூலித் தகராறு முற்றியிருந்தது. வேதாரண்யம் பஸ்ஸில் போய் வழியில் ஒரு கிராமத்தில் இறங்கினேன். கையில் காகிதத்தோடு யார் வந்தாலும் விவசாயத் தொழிலாளர் தெருவில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மிராசுதார் ஆளா, போலீஸ் ஆளா என்று சந்தேகம். இரண்டு நாளும் தெருமுனையில் சும்மா உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பினேன்.

மூன்றாம் நாள், நடவு வேலைக்குப் போகும் அஞ்சலை என்ற அம்மாள் வந்து, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். பிள்ளைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன், ஆனால் கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் தெருவைப் பார்த்துக் கூவியதற்கு நான் இன்றும் கடமைப்பட்டவள்: "பாவம், புள்ளயே இல்லாம புள்ளப் பாடம் நடத்துறாங்களாம். நம்ம புள்ளைங்களக் கொஞ்சம் கூட்டியாங்கடி!"

சிவப்பு மை

சோதனை எளிது. ஒரு ஆளை வரையச் சொல்ல வேண்டும். கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அஞ்சலையின் ஆறு வயது மகள் செல்வி வரைந்த ஆளுக்கு முகமே இல்லை. வளைந்த முதுகு, இரண்டு கால், தரையைத் தொடும் இரண்டு கை, அவ்வளவுதான். புத்தகப்படி மூன்று மதிப்பெண் போட்டு, சிவப்பு மையில் 'அறிவு வளர்ச்சி குறைவு' என்று எழுதினேன். அந்த வயதில் சிவப்பு மை ஒரு போதை.

என்ன எழுதினேன் என்று அஞ்சலை கேட்டார். முகம் இல்லையே என்று மென்று விழுங்கினேன். படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது நாந்தாங்க டீச்சரம்மா. வரப்புல குந்தியிருக்கிற புள்ளைக்கு, நாத்து நடுறவ மூஞ்சி எப்படிங்க தெரியும்?"

தேர்வுக் குழு

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதிய அறிக்கையைக் கிழித்துப் போட்டு, தேறாதது பிள்ளைகள் அல்ல, சோதனைதான் என்று புதிதாக எழுதினேன். குழுவில் சென்னையிலிருந்து வந்த நிபுணர், "நேத்து வேலைக்கு வந்துட்டு புஸ்தகமே தப்புங்கிறீங்களா?" என்று சீறினார். நாற்காலி தாவரவியலுக்கு நடந்து போவது எனக்குத் தெரிந்தது. செல்வியின் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

குழுவில் அரசுத் தரப்பில் வந்திருந்த அதிகாரி அதை எடுத்துப் பார்த்தார். கீழே வைக்கவே இல்லை. கடைசியில் நிபுணரிடம் சொன்னார்: "என்னைப் படிக்க வைக்க எங்கம்மா இப்படித்தான் சார் நின்னாங்க. வேலைய இவங்களுக்கே குடுங்க."

தாவரவியலார் மன்னிக்க வேண்டும்: என் பட்டங்கள் வாங்கித் தராத நாற்காலியில் ஓய்வு பெறும்வரை என்னை உட்கார வைத்தது, நானே மூன்று மதிப்பெண் போட்ட படம்தான்.