டீ கிளாஸுக்கு அடியில் ஓர் ஆமை

ஆதவனின் டீ கிளாஸைத் தூக்கி ஓரமாக வைக்கிறாள் ரூபீனா. அதற்கு அடியில் கிடக்கும் கார்டை எடுத்து, துப்பட்டா முனையால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். உட்காருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். செங்கம் சாலையில் பலராமனின் காபிக் கடை மாடியில் ஞாயிறு மதியம் கார்டு ஆடக் கூடும் எட்டுப் பேருக்கும் இது பழகிப்போன காட்சி. அடுத்த வாரம் ஆதவன் இன்னொரு களிமண் ஆமைக் கார்டைக் கொண்டுவந்து அதன்மேல் கிளாஸை வைப்பான். அவனுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

ஆளுக்கொரு கட்டு கார்டு, கார்டுக்கொரு மிருகம், மிருகத்தோடு மிருகம் மோத வேண்டும். இதுதான் ஆட்டம். ஆமைக்குத் தாக்கும் பலம் பூஜ்யம். கொட்டை எழுத்தில் அதைப் பார்த்ததுமே எல்லோரும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: இதன்மேல் மோதும் மிருகம் ஒவ்வொரு முறையும் ஒரு பலம் இழக்கும். தேரடித் தெருக் கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாகக் கண் பரிசோதிக்கிறவள் ரூபீனா. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிப்பவள், இதை விடுவாளா?

"அடிக்கவே தெரியாத மிருகம் எதுக்குங்க?" என்பார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் அறிவுமதி. ஆடவே தெரியாத பலராமனுக்கும் ஒரு கருத்து உண்டு. "ஆமை பூந்த வீடு உருப்படாதும்மா."

"மலையச் சுத்துறவன்தாண்ணா களைச்சுப் போறான். மலை களைச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று சீறுவாள் ரூபீனா.

அவள் கோபத்தில் ஒரு விசித்திரம். சாதாரணமாக ஆதவனை "வாப்பா, போப்பா" என்பாள். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "சார்" என்று வந்துவிட்டால் மற்றவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

வேலூர்ப் போட்டிக்கு நாலு பேர் போகலாம். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவதற்காக ரூபீனா இரண்டு வருஷம் காத்திருக்கிறாள். கேப்டன் ஆதவனோ ஆமையைக் கழற்றினால்தான் இடம் என்று பிடிவாதம். கடைசியில் போன ஞாயிறு எல்லோர் முன்னாலும் அவனே வாக்குக் கொடுத்தான். "என்னைய ஜெயிச்சுக் காட்டு. ஆமையோடவே வா."

இந்த ஞாயிறு ஆட்டம் நடந்தது. அவள் இறக்கிய மூன்று ஆமைகளும் அவன் கிளாஸுக்கு அடியிலிருந்து மீட்டவைதாம். மூன்றின் முகத்திலும் டீக்கறை வட்டம். ஆதவன் பளபளக்கும் உறையிலிருந்த தன் நெருப்பு யாளியை ஏவினான். பலம் ஏழு. மோதினான், ஆறு. மறுபடி மோதினான், ஐந்து. அதோடு நிறுத்தியிருக்கலாம், ரோஷம் விடவில்லை. ஏழாவது மோதலில் யாளி ஓய்ந்தது. ரூபீனாவின் கீரிப்பிள்ளை வந்து அதன் கதையை முடித்தது.

"எல்லாம் லக்கு," என்றான் ஆதவன். எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்தான். போட்டிக்கு அனுப்ப வேண்டிய தாளில் நாலாவதாக அவள் பெயரை எழுதினான். "சரி, வா. ஆனா ஆமை வேணாம். அங்க வந்து மானத்த வாங்காத." சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில், ஆவி பறக்கும் கிளாஸை மேஜையில் கிடந்த ஆமையின் மேலேயே வைத்தான்.

அடப்பாவி! தோற்றவன் வாயா இது? ரூபீனாவுக்குக் காது மடல் சிவந்தது. அறிவுமதி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"பேனாவக் குடுங்க சார்."

தாளில் அவள் பெயருக்குக் கீழே, கொண்டுவரும் கார்டுகளை எழுதும் இடத்தில், முதல் வரியாக, களிமண் ஆமை மூன்று என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. பிறகு கிளாஸைத் தூக்கினாள். ஆமையைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். கிளாஸைக் கொண்டுபோய், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், நெருப்பு யாளியின் முகத்தின் மேல் வைத்தாள்.