வானத்திலிருந்து வரவேண்டிய சாட்சி

எண்பதுகளின் தொடக்கம். சிலிம் ரிவருக்குப் பக்கத்தில், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்த ஒரு பழைய தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கம்யூனிஸ்ட் என்று நினைத்துப் போலிஸ் பிடித்தது. மேலதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்கிற அரசாங்கக் குமாஸ்தா நான். அதனால் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. லைசன்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர்காரர்களுக்கென்றே ஒரு சின்னச் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வழியாக வெளிநாட்டு ஆட்களோடு பேச வேண்டும். ஈப்போவிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலை. கோள் அதற்கு மேல் தலைகாட்டுவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆகவே மனைவியின் தம்பி லோரி ஓட்டிக்கொண்டிருந்த தோட்டத்துக்குக் கிளம்பினேன். செம்பனை அங்கே இடுப்பளவுதான். பேச ஒரு பெட்டி, கேட்க ஒரு பெட்டி, கார் பேட்டரி, தின்று போட்ட மீன்முள் மாதிரி ஓர் ஏரியல். அதை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொள்ள மச்சான்.

கோள் நம்மை நோக்கி வரும்போது அதன் அலையின் அதிர்வெண் கூடும், விலகும்போது குறையும். ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சத்தம் மாறுமே, அதே கதைதான். அதனால் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மனிதக் குரல் எருமைக் குரலாகிவிடும்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்த தோட்டத்து ஜாகாக்காரர், தன் காவல் வேலையை ஒழுங்காகச் செய்தார். காட்டோரம், வயர்லெஸ், வானத்தை நோக்கி ஆயுதம் மாதிரி ஏதோ ஒன்று! நானாக இருந்தாலும் போலிசுக்குத்தான் சொல்லியிருப்பேன். கோள் வடக்கே மறைந்த கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. தமிழ் சார்ஜன் ஒருவர், துப்பாக்கியோடு இரண்டு மலாய்க்காரப் போலிஸ்காரர்கள்.

"லைசன்ஸ் எங்க?"

"ஈப்போவுல, வீட்டுல."

சார்ஜன் மச்சானைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்ஜன். புடிடான்னாரு, புடிச்சேன்லா. எங்கக்காவ இவருக்குக் கட்டிக் குடுத்ததுதான் எங்க வீட்டுத் தப்பு."

"பெட்டியத் திருகித் திருகி நம்பர மாத்திக்கிட்டே பேசுனீங்களாமே. யாருக்குப் பயந்து?" என்று சார்ஜன் என் பக்கம் திரும்பினார்.

விஞ்ஞானம் விளக்கினேன். ரயிலை ஓட்டிக் காட்டினேன். ஊதியும் காட்டினேன். அவர் முகம் அசையவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்ட்கள் இன்னும் ஒளிந்திருந்த அந்த நாளில் காட்டோரம் வயர்லெஸோடு பிடிபட்டவன் எப்போது வீடு திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அரசாங்க வேலை போவதோ நிச்சயம். என் பக்கம் இருந்த ஒரே சாட்சி பூமிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"மறுபடி வருமா அது?"

"ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"வரட்டும், பார்ப்போம். வரலன்னா போலிஸ் பாலாய்க்குப் போலாம்."

ஜீப் நிழலில் காத்திருந்தோம். பேருந்துக்கும் பெரிய டாக்டருக்கும் காத்திருந்திருக்கிறேன். வானத்தை அப்படி வெறித்துப் பார்த்ததில்லை.

ஒருவழியாக, தெற்கே அடிவானத்திலிருந்து கீச்சென்று சமிக்ஞை கேட்டது. அழைத்தேன். என் குரலே விண்ணில் பட்டு நடுங்கியபடி திரும்பி வந்தது. நடுக்கம் என்னுடையது, கோளுடையது அல்ல. குமிழில் கை வைத்தேன்.

"கைய எடுங்க. மாத்தாம பேசுங்க."

எடுத்தேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து எருமையாக இறங்கியது. சார்ஜன் புருவத்தைச் சுளித்து, தானே குமிழைத் திருகினார். எருமை மறுபடி நானாக மாறியது. மீண்டும் இறங்கியது, மீண்டும் திருகினார். "தானா ஓடுதேலா இது!" என்றார். அந்த நேரம் பார்த்து ஜப்பானிலிருந்து ஒருவர் என் அழைப்புக் குறியைச் சொல்லி, ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். சார்ஜனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மைக்கக் குடுங்க, நானும் ரெண்டு வார்த்த பேசுறேன்."

நான் மைக்கைச் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொண்டேன். "முடியாது சார்ஜன். லைசன்ஸ் இல்லாதவங்க பேசக்கூடாது. சட்டம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. மச்சான் ஏரியலைத் தாழ்த்திவிட்டு என் பக்கத்திலிருந்து இரண்டடி நகர்ந்து நின்றான். சார்ஜன் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கம்யூனிஸ்ட்காரன் இப்படிப் பேச மாட்டான்லா. லைசன்ஸ நாளைக்குக் கொண்டாந்து காட்டுங்க. அடுத்த தடவ வந்தா மொதல்ல பாலாய்ல சொல்லிட்டு வாங்க."

ஜீப் கிளம்பிய பிறகு செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்தேன். மூச்சு தாராளமாக வந்தது. ஆபத்து வந்தால் எனக்குள்ளிருந்து ஒரு வீரன் வெளியே வருவான் என்று அதுவரை நம்பியிருந்தேன். வந்தது குமாஸ்தாதான். என்னைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பியவரும் அந்தக் குமாஸ்தாதான் என்பதால், இன்றுவரை அவரிடம் நான் மரியாதையாகவே நடந்துகொள்கிறேன்.