அத்தைக்கு வியன்னாவைக் காட்டிய நாள்

பக்கத்து வீட்டில் யாரோ பலாக்கொட்டை சுடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சேலை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்கக் கத்திய தொண்டையில் சாக்பீஸ் தூள் இன்னும் கரகரக்கிறது. இந்த வாசனைக்கு உங்களுக்குப் பரவைச் சந்தை நினைவு வரலாம். எனக்கு வியன்னா வருகிறது. பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பீற்றிக்கொள்ள என்னிடம் வேறு அதிகம் இல்லை.

அப்பா விளாங்குடியில் நெல் போடுகிறவர். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்தபோது, பழங்காநத்தத்தில் எங்கள் தூரத்து உறவான ஓர் அத்தைக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அவர் மகன் நூல் வியாபாரி, வசதியானவர். கண் என்றால் வியன்னாதான் என்று அப்போது பெரிய பேச்சு. கூட்டிப்போகிறபோது அத்தைக்குத் துணையாக, இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "படிக்க வச்சது வீட்டுக்குள்ள வச்சுப் பாக்கவா? போயிட்டு வா" என்றார். கப்பலில் நாள் தவறாமல் வாந்தி எடுத்ததை ஊரில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வியன்னாவில், அத்தையின் மகன் நூற்பு இயந்திரம் பார்க்க வேறு ஊருக்கு ரயிலேறியிருந்த காலையில்தான் டாக்டர் முடிவைச் சொன்னார். அவருடைய இங்கிலீஷ் கரடுமுரடாக இருந்தது. விஷயம் தெளிவாக இருந்தது. கண் நரம்பு பட்டுப்போகிறது, செய்ய ஒன்றுமில்லை, ஓரிரு வருடம் பார்வை இருக்கும். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து எழுதித் தருகிறாராம் என்று சொல்லிவிட்டேன். மகன் வந்து சொல்லிக்கொள்ளட்டும், அதுவரை இந்த ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நானாகவே தீர்மானித்தேன். படித்தவளுக்கு அந்த அதிகாரமும் சேர்ந்தே வருகிறது என்று அப்போது ஒரு நினைப்பு.

"சரி, அப்ப ஊரச் சுத்திக் காட்டு" என்றார் அத்தை.

நடு ஊரில் பெரிய மாதாகோயில். அதன் கூரை முழுக்க வண்ண ஓடுகள், பத்தமடைப் பாயை விரித்துக் காயப்போட்டது போல. பின்னால் வந்த போரில் அந்தக் கூரை எரிந்து விழுந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். வாசலுக்குப் போனதும் அத்தை குனிந்து, புதிதாகப் போடப் பழகிய பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இங்கே யாரும் கழற்றுவதில்லை என்று காதருகே கெஞ்சினேன். எல்லோரும் எங்களையே பார்ப்பதாக உடம்பு கூசியது.

"அவுக வழக்கம் அவுகளோட. நான் செருப்புக் காலோட எந்தக் கோயிலுக்குள்ளயும் போனதில்ல தாயி."

உள்ளே கும்பிட்டது போதாதென்று, ஈரக் கல்லில் வெறும் காலுறையோடு வெளியேயும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பி வந்தால் வைத்த இடத்தில் பூட்ஸ் இல்லை. நான் படிப்படியாகக் குனிந்து தேடினேன். வாசலோரம் கரி அடுப்பில் ஏதோ கொட்டை சுட்டு விற்றுக்கொண்டிருந்த பெண் கையாட்டிக் கூப்பிட்டாள். தூறலில் நனையாதபடி பூட்ஸை எடுத்துத் தன் அடுப்புப் பக்கம் வைத்திருந்தாள். அத்தை காலை நுழைத்துவிட்டு, "ஆத்தி, இட்லிச் சட்டிக்குள்ள கால விட்டாப்புல இருக்கு" என்று சிரித்தார். மொழி புரியாமலே அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவள் சுட்ட கொட்டைக்கு அச்சாகப் பலாக்கொட்டை வாசம்.

அதற்குப் பிறகு நான் அத்தையை உட்காரவே விடவில்லை. அரண்மனை, குதிரைச் சிலை, கண்ணாடிக் கடை, ஆறு. "இதப் பாருங்க அத்தை, அதப் பாருங்க அத்தை" என்று இழுத்துக்கொண்டே போனேன். என் குதிகால் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்ததை இரவில்தான் கவனித்தேன். கடைசியில் அத்தையே ஒரு காபிக் கடை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்தோம். காபியின் மேல் பாலாடை நுரை ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அத்தை அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"காலையிலருந்து ஒரு செவரு விடாம பாருங்க பாருங்கங்குற. கொணமாகப்போற கண்ணுக்கா இம்புட்டு அவசரம்?"

நான் என் காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தேன்.

"எம்புட்டு நாளுன்னாரு?"

சொன்னேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. கரண்டியால் அந்த நுரையை வழித்து ஓரமாக வைத்தார்.

"என் கண்ணு சேதிய எனக்கு முன்னாடி நீ வச்சுக்கிட்டுத் திரியாத. பாரம் ஒனக்கு எதுக்கு?" என்றவர், காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இப்ப விடுதிக்குப் போவோம். நீ காட்டுனது போதும்" என்றார்.

ஊர் திரும்பினோம். எனக்கு இந்தப் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. ஒன்றரை வருடம் கழித்து அத்தை ஆள் அனுப்பினார். சொந்தக்காரர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கிறாராம், என் முகம் பாக்கி என்றாராம். அந்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிற வாரம். என் வகுப்புதான் முதலில் நிற்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அசதியில் தூங்கிவிட்டேன். பிறகு பரீட்சை, பிறகு திருத்த வேண்டிய தாள்கள். மூன்று மாதம் கழித்துப் போனேன்.

அத்தை என்னைத் தெருப்பக்கத்து ஜன்னலோரம் நிறுத்தித் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் வெறும் வெள்ளையாத்தான் தெரியுது" என்றார். ஒரு குறையும் சொல்லவில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை தடவிப் பார்த்துவிட்டு, "எளச்சுட்டியே" என்றார்.

போன வருடம் அத்தை போய்விட்டார். மகன் வீட்டை விற்றுவிட்டார். முன்கட்டில் இப்போது ரேஷன் கடை நடக்கிறது. அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அரிசிக்கு நிற்கும் வரிசை அந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறது. கார்டைப் பிடித்துக்கொண்டு வாரம் ஒரு தடவை அங்கே நிற்கிறேன்.